குடியை விட்ட ஆண்கள் சேர்ந்து வாழ ஒரு வீடு: எல்லையோர ஊர்களில் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள் இருந்துவிட்டு வெளியே வருகிறவர் கையில் ஒரு துணிப்பையும் மாத்திரைச் சீட்டும் இருக்கும். பஸ் ஏறி ஊருக்குப் போனால் அதே கூட்டாளிகள், அதே கடை, வீட்டில் பாதியில் நின்ற அதே சண்டை. முதல் சனிக்கிழமையைத் தாண்ட முடியாமல் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கி, வேலைக்குப் போய்க்கொண்டே குடிக்காமல் வாழப் பழகும் இடம்தான் சோபர் ஹோம். இங்கே சிகிச்சை கிடையாது, வார்டன் கிடையாது. குடியை விட்ட ஏழெட்டு ஆண்கள் வாடகையைப் பங்கு போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் சாதாரண வாடகை வீடு.

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம், வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்படி நான்கு வீடுகள் தொடங்கியபோது கூடவே இருந்திருக்கிறேன். இரண்டு நடக்கின்றன. இரண்டு ஒரு வருடத்துக்குள் மூடிப்போயின. பணம் இல்லாமல் மூடவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தோம், அதனால் மூடினோம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. வீடு பார்க்கும் முன் மூன்று பேரைச் சேருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கட்டடம் பார்ப்பார்கள், அடுத்து போர்டு எழுதுவார்கள், அப்புறம் ஆள் தேடுவார்கள். இது தலைகீழ். காலிக் கட்டிலுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது, வருகிற யாரையும் மறுக்க மனசு வராது. தகுதியில்லாத முதல் ஆள் உள்ளே வருவது அப்படித்தான்.

குறைந்தது ஆறு மாதம் குடிக்காமல் இருக்கும் மூன்று பேர் முதலில் வேண்டும். புதியவர்கள் மட்டுமே நிறைந்த வீட்டில், ஒருவருக்கு ஆசை வந்தால் அது மற்றவருக்கும் ராத்திரிக்குள் வந்துவிடும். பழைய ஆள் ஒருவர் அடுப்படியில் நின்று, "எனக்கும் நாற்பதாவது நாள் இப்படித்தான் இருந்துச்சு, சாப்பிட்டுட்டுப் படு தம்பி, காலையில போயிரும்" என்று சொல்வதுதான் அந்த வீட்டின் சொத்து. அதைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது.

இந்த மூவரும் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை ஒரு டீக்கடையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து பேசட்டும். பணம், விதி, யாராவது குடித்துவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் சண்டை வந்து பிரிந்தால் நல்லதே. அட்வான்ஸ் கொடுத்த பிறகு பிரிவதைவிட அது மேல்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களில் இருந்து ஆட்களைச் சேர்க்கலாம். ஆனால் ஏ.ஏ. பெயரை வீட்டுக்கு வைக்காதீர்கள். வெளி நிறுவனம் எதற்கும் பெயரும் பணமும் தருவதில்லை என்பது அவர்களின் மரபு. வேறு பெயர் வையுங்கள். பெயரே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

2. எந்த மாநிலம் என்று முடிவு செய்து, எழுத்தில் கேளுங்கள்

வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் மனநல ஆணையத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாலைக்கு இந்தப்புறம் தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளி நடந்தால் கேரளம். ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள், ஆனால் வீட்டுக்கு ஒரே முகவரிதான்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநலச் சிக்கலையும் மனநோய் என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து, தங்கவைத்து, மறுவாழ்வு தருகிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் நடத்தினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு இருப்பது வேறு, "சேர்க்கை நடைபெறுகிறது" என்று போர்டு மாட்டி மருந்து கொடுப்பது வேறு. உங்கள் வீடு இதில் எதில் சேரும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வீட்டில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். பதிவு தேவை என்றால் பதிந்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளூர் காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். முதல் சண்டை நடக்கும் அன்று அவர்கள் உங்களைப் புதிதாகப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. சங்கிலி, பூட்டு, அடி எந்த வடிவத்திலும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் முழுக்கத் தடை செய்கிறது. "கதவைப் பூட்டாவிட்டால் ஓடிப்போய்விடுவார்களே" என்று கேட்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

3. வீடு

மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, வேலைக்குப் போகும் பஸ் வாசலுக்கு அருகே வர வேண்டும். கஞ்சிக்கோடு கம்பெனிக்கும் பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கும் காலையில் போய் இருட்டும் முன் திரும்ப முடியாத இடத்தில் வீடு எடுத்தால், ஆட்கள் வழியிலேயே தங்கிவிடுவார்கள். இரண்டாவது, அந்தப் பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவே கள்ளு ஷாப்பு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் கேரள எல்லைச் சாலைகளில் உள்ள கள்ளு ஷாப்புகளுக்கு நம் பக்க ஆட்கள்தான் சாயங்காலமானால் வண்டி கட்டுகிறார்கள். ஷாப்பே இல்லாத ஊர் கிடைக்காது. தினமும் நடக்கும் அந்த அரைக் கிலோமீட்டரில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "பேச்சிலர்கள் தங்கப் போகிறார்கள்" என்று சொல்லி எடுத்த வீட்டை நாங்கள் மூன்றாவது மாதம் காலி செய்ய வேண்டி வந்தது. பக்கத்து வீட்டு அம்மா யார் மூலமாகவோ விஷயம் கேள்விப்பட்டுவிட்டார். குடிகாரர்கள் என்ற பயத்தைவிட, மறைத்துவிட்டார்கள் என்ற கோபம்தான் அதிகம். அடுத்த வீட்டில் முதல் நாளே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னோம். "சத்தம் கேட்டா எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று எழுதிக் கொடுத்தோம்.

அறைக்கு இரண்டு பேர். தனி அறை புதியவருக்கு வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்க வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைந்தது இரண்டு கழிப்பறை. காலை ஆறு மணிக் கியூவில்தான் பாதிச் சண்டை வருகிறது.

4. கணக்கை ஆறு பேருக்குப் போடுங்கள்

எட்டுக் கட்டில் இருந்தாலும் எட்டுப் பேர் எப்போதும் இருக்க மாட்டார்கள். எட்டுப் பேரை வைத்துக் கணக்குப் போட்ட வீட்டில், இரண்டு பேர் போனதும் வாடகை பாக்கி விழும். உடனே அவசரமாக யாரையோ சேர்ப்பார்கள்.

ஒரு மாதிரி: வாடகை 14,000. கரண்ட், கேஸ், தண்ணீர் 4,000. அவசரச் செலவுக்கு ஒதுக்கு 2,000. ஆக 20,000 ரூபாய் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகும். சாப்பாடு தலைக்கு 3,600. ஆறு பேருக்கு மொத்தம் 41,600. தலைக்கு 7,000 வைத்தால் 42,000 வரும், வீடு நிற்கும். எட்டுப் பேர் இருக்கும் மாதத்தில் மிஞ்சுவதை எடுத்து வையுங்கள், கட்டில் காலியாகும் மாதத்துக்கு அது தேவை.

இந்த 7,000-த்தை மாதம் ஒருமுறை வாங்காதீர்கள். சனிக்கிழமை தோறும் 1,750 வாங்குங்கள். நம் பக்கம் கொப்பரைக் களத்திலும் கட்டட வேலையிலும் சம்பளம் வாரக் கணக்குதான். குடியை விட்ட புதிதில் ஒருவர் பையில் நான்கு வாரப் பணம் சேர்வது ஆபத்து. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது வாரப் பணம் முழுதும் ஒதுக்குக்குப் போகட்டும்.

முதல் மாதம் மட்டும் வீட்டார் கட்டலாம். இரண்டாவது மாதத்தில் இருந்து அவரே சம்பாதித்துக் கட்ட வேண்டும். மனைவி பணத்தில் இருப்பவர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார், தட்டைக்கூடக் கழுவ மாட்டார். வேலை கிடைக்காதவருக்கு இரண்டு வாரம் கடன் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள். அந்த இரண்டு வாரமும் சமையல் அவர் பொறுப்பு.

5. யாரைச் சேர்ப்பது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது

இந்தப் படியில் தவறினால் உயிர் போகும். நிதானமாகப் படியுங்கள்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். 6 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் சாவு வரும். மோர் கொடுத்தோ தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தோ இதைத் தாண்ட முடியாது. ஆஸ்பத்திரி வேண்டும்.

நான் ஒருமுறை இந்த விதியை மீறினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அண்ணன் தன் தம்பியைக் கூட்டி வந்தார். கடைசிக் குடி சனிக்கிழமை ராத்திரி. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். அண்ணன் அழுதார். "ஏனுங்ண்ணா, இவன் மனசு மாறிட்டா மறுபடி வரமாட்டானுங்க, இன்னிக்கு மட்டும் வெச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன். அந்தத் தம்பிக்கு டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எவர்சில்வர் விளிம்பு பல்லில் தடதடவென்று அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்டபோதே நான் வண்டி கூப்பிட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை விடியும் முன் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். நெற்றி படியில் பட்டுப் பிளந்தது. 108 வந்து கொண்டுபோனது, பிழைத்தார். அன்றில் இருந்து யார் காலில் விழுந்தாலும் இந்த விதியைத் தளர்த்துவதில்லை.

விதி இதுதான்: மையத்திலோ ஆஸ்பத்திரியிலோ நிறுத்தும் சிகிச்சை முடிந்து, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது பத்து நாள் ஆகி, டாக்டர் சீட்டோடு வருபவர்களை மட்டும் சேருங்கள். எங்கே போவது என்று தெரியாத குடும்பத்துக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள், கட்டணம் இல்லை. மனம் உடைந்து பேசுகிறவருக்கு 14416, அதில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

சேர்க்கும் முன் குடும்பத்தை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவரோடு தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். முதல் கேள்வி: "நீங்களா வந்தீங்களா, கூட்டிட்டு வந்தாங்களா?" கூட்டி வந்ததால் வந்தேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறார். இருக்க விருப்பம் இல்லை என்றால் அனுப்பிவிடுங்கள். அப்புறம் கேட்க வேண்டியவை: இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா, தற்கொலை முயற்சி உண்டா, மது தவிர வேறு என்ன எடுத்தார், இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள பையன்களிடம் வலி மாத்திரையைப் பற்றி நேராகவே கேளுங்கள். கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லையோரத்திலும் வந்துவிட்டது. ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றை விட்டவருக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதை அவருக்கும் சொல்லுங்கள், கூட இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

மனைவியிடமும் அம்மாவிடமும் தனியாக ஒரு கேள்வி: "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல ஏதாவது மாத்திரை கலந்து குடுத்தீங்களா?" தெரியாமல் கொடுத்துக் குடியை நிறுத்தலாம் என்று விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. டாக்டர் எழுதி, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து எடுத்தால் அது நல்ல மருந்து. ஒளித்துக் கொடுத்தால் விஷம்.

6. விதி நான்கு போதும்

நாற்பது விதி எழுதி லேமினேட் செய்து மாட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன். லுங்கி கட்டக் கூடாது என்பதுகூட அதில் இருந்தது. அற்ப விதியை மீறிப் பழகியவருக்குப் பெரிய விதியும் அற்பமாகிவிடும்.

அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் வீடுகளுக்கு அடிப்படை மூன்றே விதிகள்: அங்கே வாழ்பவர்களே ஓட்டுப் போட்டு நடத்துவது, செலவை அவர்களே ஏற்பது, குடித்தவர் உடனே வெளியேறுவது. நாங்கள் அதை நம் ஊருக்கு ஏற்றபடி இப்படி எழுதிக்கொண்டோம்: குடி, போதை எதுவும் கூடாது. சனிக்கிழமை பங்கு கட்ட வேண்டும். சமையல், துப்புரவு முறை தவறக் கூடாது. கை நீட்டக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் விதியில் எதெல்லாம் அடங்கும் என்று விளக்க வேண்டியது உண்டு, அதில்தான் புதியவர்கள் தடுக்குகிறார்கள். "கள்ளு ஒண்ணும் பண்ணாது, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் புளித்து பீருக்குச் சமமாகிவிடும். அரிஷ்டம் அதைவிட மோசமான கண்ணி. செரிமானத்துக்கு என்று ஆயுர்வேதக் கடையில் வாங்குவார்கள், ஆனால் தயாரிப்பிலேயே ஊறும் ஆல்கஹால் அதில் 12 சதவீதம் வரை இருக்கலாம். பாட்டில் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், சானிடைசர் எதையும் வீட்டில் பொதுவாக வைக்காதீர்கள். பீடி, சிகரெட் வாசலுக்கு வெளியே. அதையும் விட நினைப்பவரைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள், கூட நில்லுங்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். வாசல் சாவி ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கட்டும். நாளை அவர் வாழப் போகும் வாழ்க்கையில் போனும் சாவியும் இருக்கத்தானே போகின்றன.

7. மாலை ஐந்தில் இருந்து ஒன்பது வரை

காலையில் யாரும் விழுவதில்லை. வேலை முடிந்து, உடம்பு அலுத்து, வயிறு காய்ந்து, கையில் பணம் இருக்கும் நேரத்தில்தான் விழுகிறார்கள். டாஸ்மாக் மதியம் 12 முதல் இரவு 10 வரை, அந்தப் பக்கம் கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ காலை 10 முதல் இரவு 9 வரை. கேரளத்தில் மாதம் 1-ம் தேதி கடை மூடல் என்றால் எல்லையில் இருப்பவருக்கு இந்தப் பக்கம் திறந்திருக்கும். காந்தி ஜெயந்தி மாதிரி இரண்டு பக்கமும் மூடும் நாளுக்கு முந்தின நாளே சரக்கு பதுங்கிவிடும். ஆகவே கடை மூடுவதை நம்பிப் பயனில்லை. அந்த நான்கு மணி நேரத்தை வீடு நிரப்ப வேண்டும்.

ஐந்தரைக்கு வயிற்றுக்கு ஏதாவது சூடாக வேண்டும். சுண்டல், பழம்பொரி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ராத்திரிச் சாப்பாடுவரை காத்திருக்க விடாதீர்கள். பசியும் குடி ஆசையும் உள்ளே ஒரே மாதிரிதான் பிசையும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் புதியவருக்குத் தெரியாது. பசி, கோபம், தனிமை, அலுப்பு, இந்த நான்கில் எது என்று கேட்கப் பழக்குங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும். சாப்பிட்ட இருபது நிமிடத்தில் பாதி ஆசை இறங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

ஏழு மணிக்கு மீட்டிங். ஏ.ஏ. கூட்டம் இருக்கும் நாளில் எல்லோரும் அங்கே. இல்லாத நாளில் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம், ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் பாதிப் பேர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். எந்த மொழியில் அழ வருகிறதோ அதில் பேசட்டும்.

சனிக்கிழமைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். முதல் மூன்று மாதம் சம்பளம் வாங்கும் இடத்துக்கே வீட்டில் இருந்து ஒருவர் போய்க் கூட வரட்டும். வந்ததும் கை கால் கழுவிவிட்டு மேசைக்கு. சிவப்பு அட்டை நோட்டில் 1,750 வரவு எழுதுவார்கள், வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அங்கேயே போனில் அனுப்பிவிடுவார்கள், பஸ்ஸுக்கும் பீடிக்கும் வாரத்துக்கு வேண்டியது மட்டும் பையில். பணத்தை யாரும் பிடுங்குவதில்லை, எழுதுவது அவரே. எங்கள் வீட்டில் ஒருவர் முதன்முறை மனைவிக்கு இரண்டாயிரம் அனுப்பிவிட்டு, 'சென்றது' என்று காட்டிய திரையைப் பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பதினோரு வருடத்தில் அவர் வீட்டுக்குக் கொடுத்த முதல் சனிக்கிழமைப் பணம் அது.

தூக்கம் சில வாரங்களுக்குச் சரியாக வராது. குடித்துவிட்டது போலக் கனவு வரும், அலறி எழுந்து தன் வாயைத் தானே முகர்ந்து பார்ப்பார்கள். இப்படி வரும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால், "நான் மனசுக்குள்ள இன்னும் குடிகாரன்தான்" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். தூக்க மாத்திரையை மட்டும் யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் போகட்டும்.

8. ஒருவர் குடித்துவிட்டு வரும் ராத்திரி

வரும். தயாராக இருங்கள். மூடிப்போன இரண்டு வீடுகளிலும் இந்த ராத்திரிக்கு என்ன செய்வது என்று முன்பே எழுதி வைக்கவில்லை. ஒன்றில் அடித்தோம், மற்றதில் மன்னித்தோம். அடித்த வீட்டில் மற்றவர்கள் பயந்து கிளம்பினார்கள். மன்னித்த வீட்டில் மூன்று வாரத்துக்குள் நான்கு பேர் குடித்தார்கள்.

முதலில், வாசலில் நின்று விசாரணை நடத்தாதீர்கள். போதையில் இருப்பவரிடம் உண்மை வராது. பழைய ஆட்கள் இருவர் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, மது மட்டுமா, மாத்திரையும் உண்டா என்று மட்டும் கேட்கட்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது வேறு எந்தப் பேச்சும் வேண்டாம்.

அந்த ஆபத்து இல்லை என்றால், அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் தங்கக் கூடாது, தெருவிலும் விடக் கூடாது. இரண்டும் சேர்ந்துதான் விதி. உள்ளே படுக்கவைத்தால் மற்ற ஏழு பேருக்கும் அந்த வாடை ராத்திரி முழுக்க. ரோட்டில் விட்டால் லாரி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. அதனால்தான் சேர்க்கும் அன்றே நோட்டில் அவர் கையால் மூன்று இடம் எழுதி வாங்க வேண்டும்: இப்படி ஒரு ராத்திரி வந்தால் என்னை எங்கே கொண்டு விட வேண்டும்? அக்கா வீடு, நண்பர் வீடு, ஆஸ்பத்திரி, எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் கூடவே போய்க் கையில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். பல நாளாக ரகசியமாகக் குடித்து வந்தார் என்று தெரிந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு. நிறுத்தியதும் வலிப்பு அபாயம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

மறுநாள் மாலை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பதினான்கு நாள் வெளியே குடிக்காமல் இருந்து, தானே வந்து கேட்டால், ஓட்டுப் போட்டுத் திரும்பச் சேர்க்கலாம். கட்டிலை அதுவரை வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை. சறுக்கினவருக்குத் திரும்பி வர வழி தெரிய வேண்டும், அந்த வழி சுலபமாகவும் இருக்கக் கூடாது.

போதைப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் இந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டையும் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் பிடிக்கும்.

9. குடும்பம், விசேஷம், சாவு

ஞாயிறு மதியம் குடும்பத்தார் வரலாம். மனைவிமார்கள் கோபத்தோடுதான் வருவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. "அவர்தான் மாறிட்டாரே, நீங்க மறந்துருங்கம்மா" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நாற்பது நாள் குடிக்காததால் பத்து வருடம் அழிந்துவிடாது. குடும்பத்தாருக்கென்றே நடக்கும் அல்-அனான் கூட்டம் பக்கத்து ஊரில் இருந்தால் சொல்லுங்கள்.

பொங்கல், ஓணம், மாரியம்மன் நோன்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம், இதற்கெல்லாம் முதல் மூன்று மாதம் தனியாகப் போக வேண்டாம். சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது, அங்கேதான் பாட்டில் முதலில் திறக்கும். வீட்டில் இருந்து ஒருவர் கூடப் போய், எடுத்து முடித்ததும் கூட்டி வரட்டும். ராத்திரி தங்கல் வேண்டாம்.

10. வெளியேறும்போது

எத்தனை மாதம் என்று முன்கூட்டியே நாள் குறிக்காதீர்கள். நாள் குறித்தவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். வேலை நிலைத்திருக்கிறதா, சனிக்கிழமையைத் தனியாகக் கடக்கிறாரா, கோபம் வந்தால் யாரையாவது போனில் கூப்பிடுகிறாரா, இந்த மூன்றைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இவை கூடி வந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஒரே நாளில் மூட்டையைக் கட்ட விடாதீர்கள். முதல் மாதம் வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டில், அடுத்த மாதம் நான்கு ராத்திரி. எந்த ராத்திரி கஷ்டமாக இருந்தது என்று மறுநாள் மீட்டிங்கில் சொல்லட்டும். எந்த மாத்திரையை எத்தனை நாள், அடுத்து டாக்டரைப் பார்ப்பது எப்போது என்று எழுதி மனைவி கையிலும் ஒரு தாள் கொடுங்கள், அவருக்குத் தெரிந்தே கொடுங்கள்.

போன பிறகு மூன்று மாதம் சனிக்கிழமை ஏழு மணிக்கு வீட்டில் இருந்து ஒருவர் அவருக்குப் போன் செய்ய வேண்டும். யார் முறை என்று சமையல் அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். எடுக்கவில்லை என்றால் எட்டு மணிக்கு மறுபடி. அப்போதும் எடுக்கவில்லை என்றால் இரண்டு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பெரும்பாலும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.